பண்டிகை விருந்துக்கு மசாலா மணக்கும் கிரான்பெர்ரி சாஸ்: முழுமையான வழிகாட்டி

கிரான்பெர்ரி சாஸுக்கு அடிப்படையில் மூன்றே பொருள் போதும்: பழம், சர்க்கரை, தண்ணீர். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பையின் பின்புறம் அச்சடித்திருக்கும் செய்முறையும் ஏறக்குறைய இதுதான். 340 கிராம் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பத்து நிமிடக் கொதி. அதை அப்படியே செய்தாலே டப்பாவில் வருவதைவிட நன்றாக இருக்கும். அதற்கு ஒரு படி மேலே போய், பட்டையும் கிராம்பும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் மணக்கிற மாதிரி தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் பண்டிகை, கிறிஸ்துமஸ் விருந்துகளுக்குச் செய்வது எப்படி என்று இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாஸில் பழம் முன்னால் நிற்க வேண்டும், மசாலா பின்னால் நிற்க வேண்டும். நம் கைக்கு மசாலா என்றாலே தாராளமாகப் போட்டுப் பழக்கம். பிரியாணிக்கு அது சரி. கிரான்பெர்ரிக்குச் சொந்தமாகவே புளிப்பு, துவர்ப்பு, லேசான கசப்பு எல்லாம் உண்டு. அதன்மேல் நாலு கிராம்பு அதிகமாகிவிட்டால் சாஸ் பல்வலித் தைலம் மாதிரி மணக்கும். அதனால் மசாலாவைப் பொடியாகப் போடாமல் முழுசாகப் போட்டு, பாகில் ஊறவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடப் போகிறோம். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான்.

தட்டில் இதன் வேலை என்ன

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. அன்றைய தட்டைப் பாருங்கள்: சுட்ட வான்கோழி, வெண்ணெயில் புரட்டிய ரொட்டித் துண்டுகளால் செய்த ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் கிரேவி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. எல்லாமே மெத்தென்று, கனமாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். வான்கோழியின் மார்புக் கறியில் கொழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் வறண்டுபோகும். நம் சாப்பாட்டில் ரசமும் ஊறுகாயும் செய்கிற வேலையை அந்தத் தட்டில் கிரான்பெர்ரி சாஸ்தான் செய்கிறது. அதனால்தான் இதை ஜாம் மாதிரி வெறும் இனிப்பாக்கிவிடக் கூடாது. நாக்கில் புளிப்பு சுள்ளென்று தெரிய வேண்டும்.

1621இல் மாசசூசெட்ஸில் நடந்த, முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும் விருந்திலேயே இந்தச் சாஸ் இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கிரான்பெர்ரியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தவர்கள்தான். ஆனால் பழத்தைப் பாகில் வேகவைக்கிற அளவுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகளிடம் அப்போது சர்க்கரை ஏது? அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூலாகச் சொல்லப்படும் 1796ஆம் ஆண்டுப் புத்தகத்தில், வான்கோழியோடு கிரான்பெர்ரி சாஸ் பரிமாறும்படி சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, இந்த ஜோடிக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

பழம் வாங்குவது

புதுப் பழம் அமெரிக்கக் கடைகளுக்கு அக்டோபரில் வர ஆரம்பிக்கும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் காணாமல் போய்விடும். அறுவடை செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை நடக்கிறது. அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சினிலிருந்து வருகிறது. மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் பயிரிடுகிறார்கள். தரையோடு படரும் கொடி இது. அமிலத்தன்மையுள்ள சதுப்பு மண்ணும் மணலும் இதற்கு வேண்டும். 1816 வாக்கில் மாசசூசெட்ஸின் கேப் காடில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வந்து மூடிய இடத்தில் கொடி இன்னும் செழிப்பாக வளர்வதைக் கவனித்தார். அங்கிருந்துதான் இதை முறையாகப் பயிரிடுவது தொடங்கியது.

தோட்டத்தில் தண்ணீரைத் தேக்கி, சிவப்பு ஏரி மாதிரி பழம் மிதக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எடுக்கும் பழம் பெரும்பாலும் ஜூஸுக்கும் டப்பா சாஸுக்கும் போகிறது. பையில் புதிதாக விற்கும் பழத்தைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த கொடியிலிருந்து எடுக்கிறார்கள், ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும் என்பதால். மொத்த விளைச்சலில் இந்தப் புதுப் பழம் மிகச் சிறிய பங்குதான். கண்ணில் பட்டால் இரண்டு பை கூடவே வாங்கி, கழுவாமல் அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஒரு வருஷம் வரை தாங்கும்.

நல்ல பழம் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும், மேசையில் போட்டால் துள்ளும். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருக்கின்றன. தண்ணீரில் மிதப்பதும் தரையில் துள்ளுவதும் அவற்றால்தான். 19ஆம் நூற்றாண்டில் நியூ ஜெர்சி விவசாயி ஒருவர் பழத்தை மாடிப்படியில் கொட்டி, துள்ளிக் கீழே வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். துள்ள வைத்துத் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் பிறகு வந்தன. வீட்டில் ஒவ்வொன்றாகத் துள்ள வைக்க வேண்டாம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டுப் பழத்தைக் கொட்டி, கையால் அலசிக்கொண்டே நசுங்கியது, சுருங்கியது, தொட்டால் கொழகொழவென்று இருப்பது, காம்பு எல்லாவற்றையும் பொறுக்கிப் போடுங்கள். வெளிறிய பழம் இருந்தால் பயம் வேண்டாம். அது முழுதாகச் சிவக்காதது, அவ்வளவுதான். சாஸை இறுகவைக்கும் இயற்கைப் பொருளான பெக்டின் அதில் அதிகமாகவே இருக்கும்.

உறைந்த பழமாக இருந்தால் கரைய விடாதீர்கள். சட்டென்று அலசி, நேரே பாகில் போடலாம். கொதி திரும்ப வர இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். உலர்ந்த கிரான்பெர்ரியில் இந்தச் சாஸ் வராது. அதில் ஏற்கெனவே சர்க்கரை ஏற்றியிருப்பார்கள், வெந்தாலும் வெடிக்காது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் உறைந்த பழம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் பழுத்த களாக்காயை விதை நீக்கி இதே முறையில் செய்து பார்க்கலாம். புளிப்பும் இறுகும் குணமும் அதிலும் உண்டு. சுவை வேறாக இருக்கும், ஆனால் கோழி வறுவலுக்குப் பக்கத்தில் வைக்க நல்ல சாஸ்தான்.

தேவையான பொருட்கள்

எட்டிலிருந்து பத்துப் பேருக்கு, சுமார் இரண்டே கால் கப் சாஸ் வரும்.

கிரான்பெர்ரி – 340 கிராம், அதாவது ஒரு பை
சர்க்கரை – 200 கிராம்
தண்ணீர் – முக்கால் கப், சுமார் 180 மில்லி
ஆரஞ்சு – ஒன்று, தோலும் கால் கப் சாறும்
பட்டை – விரல் நீளத்தில் ஒன்று
கிராம்பு – 4
ஆல்ஸ்பைஸ் – 4 மணி
அன்னாசிப்பூ – சின்னதாக ஒன்று
மிளகு – 6
இஞ்சி – இரண்டு சென்டிமீட்டர் துண்டு, தோல் சீவி வட்டமாக நறுக்கியது
உப்பு – இரண்டு சிட்டிகை

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் கடைகளில் கிடைக்கும் தடித்த, தட்டையான பட்டையும், அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் கெட்டியான சுருளும் பெரும்பாலும் காசியா வகை. அது காரமாக, அழுத்தமாக இருக்கும். இலங்கையிலிருந்து வரும் கறுவா மெல்லிய அடுக்கடுக்காக இருக்கும், கையால் நொறுக்கலாம், மணம் மென்மையானது. என் ஓட்டு கறுவாவுக்குத்தான், புளிப்பான பழத்தோடு அது சண்டை போடாது. காசியாதான் இருக்கிறது என்றால் பாதித் துண்டு போதும்.

ஆல்ஸ்பைஸ் ஜமைக்காவிலிருந்து வரும் மணி, பார்க்க வால் இல்லாத பெரிய மிளகு மாதிரி இருக்கும். அதிலேயே கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றின் சாயலும் உண்டு. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகக் கிராம்பைக் கூட்ட மட்டும் கூட்டாதீர்கள். அன்னாசிப்பூவும் ஒன்றுக்கு மேல் போனால் சோம்பு வாசனைதான் எழும். ஏலக்காய் பிடித்தவர்கள் இரண்டு காயை லேசாகத் தட்டிப் போடலாம். அப்படிப் போட்டால் அன்னாசிப்பூவை எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் பாயச வாடை வந்துவிடும். மிளகு தவறாமல் வேண்டும். அது காரமாகத் தெரியாது, ஆனால் இனிப்பு தொண்டையில் தேங்காமல் பார்த்துக்கொள்ளும்.

ஆரஞ்சுத் தோலைக் காய் சீவும் பீலரால் மூன்று நான்கு பட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஆரஞ்சு நிறப் பகுதி மட்டும் வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள். கிரான்பெர்ரியின் கசப்போடு அதன் கசப்பும் சேர்ந்தால் சர்க்கரை போட்டுச் சரிசெய்ய முடியாது.

பாத்திரம்

அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் அல்லது எனாமல் பூசிய பாத்திரம், மூன்று லிட்டர் கொள்ளளவு. பழத்தைப் பார்த்தால் சின்னப் பாத்திரமே போதும் என்று தோன்றும், ஆனால் வெடிக்கும்போது நுரைத்துப் பொங்கும். பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் வேண்டாம். இந்தப் பழத்தின் அமிலம் எலுமிச்சைக்குக் கிட்டத்தட்ட நிகரானது, அது உலோகத்தைத் தின்று சாஸில் தகரச் சுவையைக் கொண்டுவந்துவிடும். கரண்டி மரமாக இருந்தால் கறை ஏறும், சிலிக்கான் கரண்டி நல்லது. வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு அடுப்பருகே நிற்காதீர்கள்.

முதல் கட்டம்: பாகில் மசாலாவை ஊறவிடுவது

பலர் பழம், சர்க்கரை, மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பில் வைப்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழம் வேகப் பத்து நிமிடம் போதும், மசாலாவின் மணம் இறங்க அது போதாது. மணத்துக்காகக் காத்திருந்தால் பழம் குழைந்துவிடும். அதனால் மசாலாவுக்குத் தனியாக நேரம் கொடுத்துவிட வேண்டும்.

தண்ணீர், சர்க்கரை, ஆரஞ்சுத் தோல், இஞ்சி, மசாலாக்கள் எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். மசாலாவை எண்ணிப் போடுங்கள், எண்ணிக்கையை ஒரு தாளில் குறித்தும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுக்கும்போது உதவும். சின்ன மஸ்லின் துணியில் மூட்டையாகக் கட்டிப் போட்டால் இன்னும் சுலபம். சர்க்கரை கரைந்து கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, மூடி போட்டு, எட்டு நிமிடம் விடுங்கள். மூடி முக்கியம், இல்லாவிட்டால் தண்ணீர் சுண்டிப் பாகு கம்பிப் பதத்துக்குப் போய்விடும். நமக்குப் பதம் வேண்டாம், நீர்த்த பாகே போதும். பிறகு அடுப்பை அணைத்து, மூடியபடியே பத்து நிமிடம் ஊறட்டும்.

மூடியைத் திறந்தால் மணம் முகத்தில் அடிக்கும். ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள். மசாலா கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும், பழம் சேர்ந்ததும் அது பாதியாக அடங்கும். இந்தக் கட்டத்திலேயே கிராம்பு மட்டும் தனியாகத் தெரிந்தால், பழம் போடுவதற்கு முன்பே கிராம்பை எடுத்துவிடுங்கள். சரியாக இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாம் கட்டம்: பழம் வெடிக்கும் நேரம்

ஆரஞ்சுச் சாற்றைப் பாகில் ஊற்றி, திரும்ப நல்ல கொதி வரவையுங்கள். பழத்தில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் போடுங்கள். ஒரு தடவை கிளறிவிட்டு, மூடியைப் பாதி திறந்த மாதிரி வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது. பழங்கள் பாகின் மேலே முட்டிமோதி மிதந்துகொண்டிருக்கும், பாகும் நிறம் மாறாமலே இருக்கும். அப்புறம் டப் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து தோலைக் கிழிக்கும் சத்தம் அது. ஒரு நிமிடத்துக்குள் கடுகு வெடிக்கும் வேகம் வந்துவிடும், பாகு ஓரத்திலிருந்து ரோஜா நிறமாகி, பிறகு முழுக்கச் சிவந்து, மேலே இளஞ்சிவப்பு நுரை கட்டும். பாத்திரத்தின் முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது, போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடாதீர்கள். தீயை மிதத்துக்குக் குறைத்து, அடிப்பிடிக்காமல் எப்போதாவது கிளறினால் போதும். கரண்டியால் பழத்தை நசுக்க வேண்டாம், தானாக வெடிக்கட்டும்.

பழம் போட்ட ஐந்தாறு நிமிடத்தில் எடுத்து வைத்த அந்தக் கைப்பிடியையும் சேருங்கள். முதலில் போட்டவை கரைந்து சாஸாகும், கடைசியில் போட்டவை முழுசாகவோ அரையாகவோ நின்று, கடிக்கும்போது வாயில் புளிப்பாக உடையும். செலவில்லாத இந்த ஒரு சின்ன வேலையே டப்பா சாஸுக்கும் வீட்டுச் சாஸுக்கும் பெரிய வித்தியாசத்தைக் கொடுத்துவிடும்.

எப்போது இறக்குவது

இங்கேதான் பலர் அதிக நேரம் வைத்துவிடுகிறார்கள். அடுப்பில் இருக்கும்போது சாஸ் தண்ணியாகத்தான் தெரியும். இன்னும் கெட்டியாகட்டும் என்று இருபது நிமிடம் கொதிக்கவிட்டால், ஆறியதும் கரண்டியை நட்டு வைக்கலாம். இன்னும் அதிகம் போனால் நேர்மாறாக நடக்கும். பெக்டின் சிதைந்து இறுகவே இறுகாது, நிறமும் பழுப்பாகிவிடும்.

கிரான்பெர்ரியில் பெக்டின் இயல்பாகவே நிறைய இருக்கிறது. பெக்டின், அமிலம், சர்க்கரை மூன்றும் சேர்ந்து, சூடு தணியும்போதுதான் வலைபோலக் கோர்த்துக்கொண்டு இறுகும். அதனால் சோள மாவோ ஜெலட்டினோ எதுவும் தேவையில்லை. முழுக்க சைவமான சாஸ் இது.

முக்கால்வாசிப் பழம் வெடித்து, கரண்டியால் அடியில் கோடு இழுத்தால் அது ஒரு கணம் நின்று மெதுவாக மூடிக்கொள்கிறதா? இறக்கிவிடுங்கள். மொத்தமே எட்டிலிருந்து பத்து நிமிடம்தான். சந்தேகமாக இருந்தால், முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்த சின்னத் தட்டில் அரை ஸ்பூன் சாஸை விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். ஓரம் லேசாகச் சுருங்கினால் போதும்.

இறக்கியதும் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பு இங்கே கசப்பை அடக்கும். பிறகு மசாலாவை எடுக்க வேண்டும். சிவந்த சாஸுக்குள் மிளகும் ஆல்ஸ்பைஸும் பழத்தோலோடு ஒட்டி ஒளிந்துகொள்ளும். குறித்து வைத்த எண்ணிக்கை சரியாகும் வரை தேடுங்கள். விருந்தாளி வாயில் முழுக் கிராம்பு அகப்படக் கூடாது. ஆரஞ்சுத் தோலையும் இஞ்சித் துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். மது சேர்க்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்தக் கட்டத்தில் இரண்டு ஸ்பூன் போர்ட் ஒயின் விடுவார்கள், பட்டையோடு அது நன்றாகச் சேரும்.

ஆறவிடுவதும் சரிசெய்வதும்

அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் ருசி பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூட்டில் இனிப்பும் புளிப்பும் வேறு மாதிரி தெரியும். அறைச் சூட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். உண்மையான சாஸ் மறுநாள் காலையில்தான் கிடைக்கும். துவர்ப்பு தணிந்து, மசாலா தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகக் கலந்திருக்கும். அதனால் வியாழக்கிழமை விருந்து என்றால் திங்கள் அல்லது செவ்வாயே செய்துவிடுவது நல்லது. வியாழன் காலை அடுப்பும் ஓவனும் வான்கோழிக்கும் மற்றதுக்குமே போதாது.

மறுநாள் ரொம்பக் கெட்டியாக இருந்தால், இரண்டு ஸ்பூன் வெந்நீரோ ஆரஞ்சுச் சாறோ விட்டு மெதுவாகக் கிளறுங்கள். தண்ணியாக இருந்தால் திரும்ப அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடலாம், ஒரு தடவை அப்படிச் செய்வதால் கெடுதல் இல்லை. இனிப்பு தூக்கலாக இருந்தால் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு தாங்கவில்லை என்றால் சாஸை லேசாகச் சூடாக்கி இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைக்க வேண்டும், குளிர்ந்த சாஸில் போட்டால் நறநறக்கும். மசாலா போதவில்லை என்று தோன்றினால் ஜாதிக்காயை நேரே சாஸின்மேல் இரண்டு இழுப்பு துருவுங்கள். பட்டைப் பொடியைக் கடைசியில் தூவாதீர்கள், பச்சை வாடையும் மாவுத்தன்மையும் வந்துவிடும்.

சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு

200 கிராம் சர்க்கரை அதிகம் என்று பலர் தயங்குவார்கள், நியாயம்தான். 150 கிராம் வரை தாராளமாகக் குறைக்கலாம். சாஸ் சற்று இளகலாக வரும், புளிப்பும் நிமிர்ந்து நிற்கும், எனக்கு அதுவே பிடிக்கும். அதற்கும் கீழே போனால் இறுகுவதற்கு வேண்டிய சர்க்கரை போதாமல் நீர் பிரியும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக மேப்பிள் சிரப் விடலாம், அதுவும் வட அமெரிக்கக் காட்டுப் பொருள்தான், பட்டையோடு அழகாகச் சேரும். நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டால் ருசி ஆழமாகும், ஆனால் அந்தப் பளிச்சென்ற சிவப்பு மங்கிவிடும். மேசையில் நிறத்துக்கும் ஒரு இடம் உண்டு என்பதால் நான் பாதிக்கு மேல் போட மாட்டேன்.

இன்னொரு வழி, பழம் வெடித்து முடியும் நேரத்தில் கால் டீஸ்பூனுக்கு மிகாமல் சமையல் சோடா போடுவது. அமிலத்தில் கொஞ்சத்தை அது அடக்கிவிடும், குறைந்த சர்க்கரையிலேயே சாஸ் இனிப்பாகத் தெரியும். போட்டதும் நுரை பொங்கும், தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு மீறினால் புளிப்பு செத்துப்போய், சிவப்பும் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். அமிலம் இருக்கும் வரைதான் இந்தப் பழத்தின் நிறமி சிவப்பாக நிற்கும்.

இரண்டு மடங்கு செய்வதானால்

பழத்தையும் சர்க்கரையையும் இரண்டு மடங்காக்குங்கள். தண்ணீர் ஒன்றரைக் கப்புக்குப் பதில் ஒன்றே கால் கப் போதும். மசாலாவை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்ட வேண்டாம். உயரமான பாத்திரத்தைவிட அகலமானது நல்லது, இல்லாவிட்டால் அடியில் குழைந்து மேலே வேகாமல் நிற்கும்.

அச்சில் இறுக்கிய சாஸ்

டப்பாவிலிருந்து உருளையாக விழும் சாஸோடு வளர்ந்தவர்கள் அமெரிக்காவில் ஏராளம். மார்கஸ் யூரன் என்ற மாசசூசெட்ஸ் வழக்கறிஞர் 1912இல் சாஸை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். ஓஷன் ஸ்ப்ரே என்ற கிரான்பெர்ரி விவசாயிகள் கூட்டுறவு 1930இல் உருவானபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். டப்பாவின் வரிவரியான தடம் பதிந்த அந்த உருளை இல்லாமல் தேங்க்ஸ்கிவிங் இல்லை என்று சொல்பவர்களோடு வாதாடாதீர்கள், அவர்களுக்கும் ஒரு கிண்ணம் செய்துவிடலாம். பழம் முழுவதையும் ஒரே தடவையில் போட்டு, பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே சல்லடையில் கரண்டியால் அழுத்தி வடிகட்டுங்கள். சல்லடையின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சேர்க்க மறக்க வேண்டாம், பெக்டின் அதில்தான் அதிகம். லேசாக எண்ணெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால், கவிழ்த்துத் துண்டு போடும் அளவுக்கு இறுகிவிடும். இதற்குச் சர்க்கரையை மட்டும் குறைக்காதீர்கள்.

பரிமாறுவது

விருந்துக்கு அரை மணி முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். கடுங்குளிர்ச்சியில் மசாலா வாயே திறக்காது. மேலே கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல் போதும் அலங்காரத்துக்கு. ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று ஸ்பூன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சைவர்கள் வரும் விருந்தில் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மேசையில் கிரேவி, ஸ்டஃபிங் இரண்டிலும் பெரும்பாலும் கறிச் சாறு இருக்கும். சைவர் நம்பிக் கை வைக்கக்கூடிய சில கிண்ணங்களில் இது ஒன்று. இதற்கென்று தனி ஸ்பூன் போட்டு, வான்கோழித் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் அவர்களுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக. சுட்ட பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, வறுத்த பனீர் எல்லாவற்றோடும் இது பொருந்தும்.

மீந்த சாஸும் மீந்த பழமும்

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் பத்து நாள் கவலையில்லாமல் இருக்கும். ஈர ஸ்பூன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம், விரிவதற்கு மேலே ஒரு விரல் இடம் விட வேண்டும். வெளியே எடுத்தபின் கொஞ்சம் நீர் விட்டிருந்தால் ஒரு கொதி வரவைத்து ஆறவிட்டால் சரியாகிவிடும். அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிற மாதிரி பாட்டிலை அடைப்பது தனிக் கலை, அதற்கென்று நேரமும் முறையும் உண்டு. வெறுமனே சூடாக ஊற்றி மூடிவிட்டு வெளியே வைக்கக் கூடாது.

விருந்துக்கு மறுநாள் வான்கோழிச் சாண்ட்விச்சில் வெண்ணெய்க்குப் பதில் இதைத் தடவுவது அமெரிக்க வழக்கம். கெட்டித் தயிரில் ஒரு ஸ்பூன் கலந்தாலும், ஓட்ஸ் கஞ்சியில் போட்டாலும் நன்றாக இருக்கும். பையில் பழமாகவே மீந்திருந்தால், அமெரிக்கத் தமிழ் வீடுகளில் அது பெரும்பாலும் தொக்காகிவிடும்: நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, பழத்தை வதக்கி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, உப்பு, துளி வெல்லம் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை கிளறுவது. அதற்குத் தயிர்சாதம்தான் ஜோடி.